செங்கல் குடித்த எண்ணெய்

சேலையூரில் செங்கல் பாவிய வாசல் உள்ள வீடு எதுவானாலும், பைக் சைடு ஸ்டாண்டில் சாயும் இடத்தைக் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்கு வெளுக்கும். நாலு நாள் வெயில் அடித்ததும் அதே இடத்தில் மறுபடி கறுக்கும். புதிதாக எண்ணெய் சொட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே இறங்கிய பழைய எண்ணெயே மேலே வந்திருக்கிறது.

சூளையில் வெந்த செங்கலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால், சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. அவ்வளவு குடிக்கக்கூடிய பொருளின் மேல் எண்ணெய் விழுந்தால் அது மேலோடு நிற்காது. துளை எவ்வளவு குறுகலோ, அவ்வளவு பலமாக உள்ளே இழுக்கும். இதைத்தான் நுண்புழை ஈர்ப்பு என்கிறோம்.

மேலே தேய்ப்பதால் பயன் குறைவாக இருப்பது இதனால்தான். பிரஷர் பம்பில் தண்ணீர் பீய்ச்சினால் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போகும், செங்கலின் வெந்த மேல்தோலும் பெயரும். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். ஆசிட் எண்ணெயைக் கரைக்காது. செங்கற்களுக்கு இடையிலுள்ள சிமென்ட், சுண்ணாம்புப் பூச்சைத்தான் அரிக்கும், செங்கலில் உள்ள இரும்பைக் கிளப்பி மஞ்சள் கறையும் வைக்கும்.

எண்ணெயை வெளியே எடுக்க, அதை உள்ளே இழுத்த ஈர்ப்பையே பயன்படுத்தலாம். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதுபோலச் செங்கலுக்கும் போட வேண்டும். முல்தானி மிட்டியின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடைவெளி செங்கல் துளையைவிடக் குறுகல், அதனால் இழுக்கும் பலமும் அதிகம். பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் அதைக் கெட்டியாகக் குழைத்து, கறைக்கு வெளியேயும் கொஞ்சம் பரவும்படி கால் அங்குலத்துக்குக் குறையாமல் அப்பி, மேலே பாலித்தீன் தாளால் மூடுங்கள். ஒரு நாள் மூடியிருக்கும்போது டர்பன்டைன் உள்ளே இறங்கி எண்ணெயை இளக்கும். தாளை எடுத்ததும் அது மேல்பக்கமாக ஆவியாகும், போகும்போது எண்ணெயையும் பற்றுக்குள் இழுத்துவரும். காய்ந்து வெடித்தபின் மரத்துண்டால் சுரண்டி எடுத்துவிடலாம். பக்கத்தில் விளக்கோ பீடியோ இருக்கக் கூடாது. பெட்ரோலைத் தொடவே வேண்டாம்.

கார்த்திகைக்கு அகல் வைத்த படியில் உள்ள கறை வேறு வகை. நல்லெண்ணெய் பழசாகும்போது அதில் பிரியும் கொழுப்பு அமிலம், வெந்நீரில் கரைத்த சலவை சோடாவோடு சேர்ந்து சோப்பாக மாறும். இன்ஜின் ஆயில் பூமியிலிருந்து எடுத்த ஹைட்ரோகார்பன், அது சோடாவுக்கு அசையாது. அகல் கறைக்கும் சோடாவை அள்ளிக் கொட்டக் கூடாது. மிச்சம் செங்கலுக்குள் தங்கி, பிறகு வெள்ளை உப்பாகப் பூக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்களில் கறுப்புப் பட்டை நின்றது. ஒரு வாசலில் சொட்டுவது அதனோடு ஒப்பிட அற்பம்தான். ஆனால் நம் பக்கம் வாசல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குழாய் வைத்துத் தெருவுக்குத் தள்ளும் எண்ணெய் மழைநீர்க் கால்வாயில் சேர்ந்து ஏரிக்குத்தான் போகும். செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் நன்மங்கலம் வழியாக, 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. பயன்படுத்திய இன்ஜின் ஆயிலை நம் சட்டமே அபாயகரமான கழிவு என்கிறது. அதனால்தான் கழுவித் தள்ளும் முறைகளைவிட இந்தப் பற்றை நான் விரும்புகிறேன். எண்ணெய் பொடியோடு கைக்கு வந்துவிடுகிறது. சுரண்டிய பொடியைத் திறந்த வெளியில் நன்றாக உலரவிட்டு, தனியாகக் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள்.

பழைய கறைக்கு ஒரு பற்று போதாது, இரண்டு மூன்று தேவைப்படும். செங்கல் நன்றாக உலர்ந்தபின் கறை இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது, அடுத்த பற்றைக் குழைக்கலாம். பக்கத்துச் செங்கலைப் போலவே உடனே உறிஞ்சிக்கொண்டால் வேலை முடிந்தது.