நூலில் இறங்கிய ஜூபிட்டர்

1773 செப்டம்பரில் பேரரசி மரியா தெரசா, இன்றைய ஹங்கேரியிலுள்ள எஸ்டர்ஹாசா அரண்மனைக்கு விருந்தாளியாக வந்தார். அவருக்காக இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாசி நடத்திய நிகழ்ச்சிகளில் ஒன்று பொம்மலாட்டம். அந்த அரங்கின் சுவர்கள் குகை போலச் சிப்பிகளும் வண்ணக் கற்களும் பதித்தவை. இசையமைத்தவர் ஜோசப் ஹைடன். நாடகம் ‘பிலமோனும் பௌசிஸும்’.

ரோமானியக் கவிஞர் ஓவிட் ‘உருமாற்றங்கள்’ காவியத்தில் சொன்ன கதை அது. ஜூபிட்டரும் மெர்குரியும் மனித வேடத்தில் வீடு வீடாகப் போய்த் தங்க இடம் கேட்கிறார்கள். எல்லாக் கதவுகளும் அடைபடுகின்றன. ஏழைக் கிழத் தம்பதி மட்டும் உள்ளே அழைத்து, இருப்பதைப் பரிமாறுகிறார்கள். ஊற்ற ஊற்ற ஒயின் குறையாததைக் கண்ட பிறகுதான், வந்திருப்பவர்கள் தேவர்கள் என்று அவர்களுக்கு விளங்குகிறது. பிறகு குடிசை கோயிலாகிறது. ஹைடனின் நாடகத்தில், மின்னல் தாக்கி இறந்த மகனும் அவன் மணக்கவிருந்த பெண்ணும் உயிர்பெற்று எழுகிறார்கள்.

இப்படிப்பட்ட கதைக்குப் பொம்மை ஏன் பொருந்துகிறது? விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அக்கால ஐரோப்பியப் பொம்மைகள் பலவற்றின் தலையில் ஓர் இரும்புக் கம்பி செருகியிருக்கும். உடலின் பாரத்தைத் தாங்குவது அதுதான். கை கால்களுக்குத் தனித்தனி நூல்கள். ஆட்டுபவர் மேடைக்கு மேலே, திரை மறைவில் நின்று இயக்குவார். பாடகர்களும் மறைவிலிருந்தே பாடுவார்கள்.

மனிதர் நடிக்கும் மேடையில் தேவன் வானிலிருந்து இறங்க வேண்டுமானால், நடிகரின் முழு எடையையும் தாங்கும் கப்பிகளும் வடங்களும் வேண்டும். பொம்மையோ பிறவியிலேயே மேலிருந்து தொங்குவது. ஆட்டுபவர் கையை உயர்த்தினால் போதும், பறந்துவிடும். காட்சிப் பொருள்களும் சிறியவை என்பதால் குடிசையை விலக்கிக் கோயிலை நிறுத்துவது எளிது.

1810இல் ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபொன் கிளைஸ்ட் இதே விஷயத்தை ஆராய்ந்தார். பொம்மையின் எடை மையத்தை நகர்த்தினால் கை கால்கள் ஊசல் போலத் தாமாகவே பின்தொடரும். அதற்குத் தரை லேசாகத் தொட்டுச் செல்ல மட்டுமே தேவை, ஊன்றி நிற்க அல்ல என்றார். மண்ணுக்குக் கட்டுப்படாத தேவர்களைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உடல் ஏது?

ஹைடன் 1776இல் ‘டிடோ’ கதையையும் பொம்மலாட்டமாக்கினார். அதன் இசை தொலைந்துவிட்டது. ‘பிலமோன்’ இசையின் பெரும்பகுதி தப்பிப் பிழைத்திருக்கிறது. பொம்மலாட்டத்தைச் சிறுவர் வேடிக்கை என்று ஒதுக்குபவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். மரப் பொம்மைகளுக்காக ஹைடன் எழுதிய இசையில் சிறுபிள்ளைத்தனம் எங்கும் இல்லை.