வாவிக் கரையில் ஓர் இணையத்தளம்

'சேர்வர்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழிலே சேவையகம் என வழங்குகின்றோம். அச்சொல் 'அகம்' என முடிவதாலோ என்னவோ, அதனைக் கேட்டவுடன் பலருடைய மனத்தில் ஒரு பெருங்கட்டடம் எழுந்து நிற்கின்றது. குளிரூட்டிய மண்டபம், வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள், இமைக்கும் விளக்குகள், வாயிலிலே காவலாளர் ஆகிய இவையெல்லாம் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கத்தக்கவை; மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் இவற்றோடு என்ன தொடர்பு என்று எண்ணுவது இயல்பே. அத்தகைய மண்டபங்கள் உலகில் உள்ளன. அவற்றின் தேவையும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் சேவையகம் என்பது கட்டடமன்று. கேட்டவருக்குக் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருளே அது. அம்மென்பொருளை இயக்குகின்ற கணினிக்கும் அதே பெயர் ஆகுபெயராக வந்து வழங்குகின்றது.

உலகின் முதலாவது இணையத்தளம் ஒரு மேசைக் கணினியிலேதான் பிறந்தது. சுவிற்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திலே, 1990ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பேர்ணர்ஸ் லீ என்னும் அறிஞர் தாம் நாள்தோறும் பணி செய்த நெக்ஸ்ட் என்னும் கணினியிலேயே முதற் சேவையகத்தை இயக்கினார். யாரேனும் அறியாமல் அதனை நிறுத்திவிட்டால் உலகிலிருந்த ஒரே இணையத்தளமும் மறைந்துவிடும். ஆகவே இது சேவையகம், மின்னை நிறுத்தவேண்டாம் என்று சிவப்பு மையினால் எழுதி அக்கணினியின் மேல் ஒட்டிவைத்தார். அந்த ஒட்டுத்தாள் இன்றும் பேசப்படுகின்றது. மேசைக் கணினியைச் சேவையகமாக்கும் எவரும் முதலிற் செய்யவேண்டிய காரியமும் அதுவேயாம்.

இனி அது தொழிற்படும் முறையைக் காண்போம். வாவியின் இருபுறமும் எழுவான்கரை, படுவான்கரை எனப் பெயர் பெறும். பாலங்கள் அமையுமுன் கரையிலிருந்து கரைக்குச் செல்வோர் 'பாதை' எனப்படும் மிதவையிலே ஏறிச் சென்றனர். மண்முனையிலே 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும் வரையில் கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர்க்கு அத்துறையே வழியாக இருந்தது. அம்பிளாந்துறை, குருமண்வெளித்துறை என வாவிக்குத் துறைகள் பல. கரை ஒன்றாயினும், இன்ன ஊருக்குப் போவோர் இன்ன துறையிலேதான் இறங்குதல் வேண்டும். வேறு துறையில் இறங்கியவர் நெடுந்தூரம் நடக்க நேரும்.

கணினியிலும் அவ்வாறே. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆகிய முகவரி ஒன்று உண்டு. அந்த முகவரிக்குள்ளே எண்ணிட்ட துறைகள் பல்லாயிரம் உள்ளன. இணையப் பக்கங்களுக்கு உரியது 80ஆம் துறை. மறைகுறியிட்டுக் காவலுடன் அனுப்பும் பக்கங்களுக்கு 443ஆம் துறை. தொலைவிலிருந்து கணினியை நிருவகிப்போர்க்கு 22ஆம் துறை. சேவையக மென்பொருள் 80ஆம் துறையிலே தோணிக்காரனைப் போலக் காத்திருக்கின்றது. உலாவி வந்து இன்ன பக்கம் வேண்டும் என்றால் அதனை எடுத்துக் கொடுக்கின்றது. இல்லையேல் 404 என்னும் எண்ணைச் சொல்லி, அப்படி ஒன்று இல்லை என்று அனுப்பிவிடுகின்றது. இருந்தும் கொடுக்க அனுமதி இல்லையாயின் 403 என்கின்றது. பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, இருக்கும் கோப்பைத் தேடி வீணே அலைவர்.

இத்தகைய மென்பொருள்களில் 1995ஆம் ஆண்டிலே தோன்றிய அப்பாச்சியும், 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸும் பெயர் பெற்றவை. இரண்டையும் விலையின்றிப் பெறலாம். உபுண்டு முதலிய லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய பழைய மேசைக் கணினியில் அப்பாச்சியை அமைப்பதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். கட்டளை நிறைவேறியதும், தன்னைத்தானே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியை அதே கணினியின் உலாவியில் இட்டால் வரவேற்புப் பக்கம் தோன்றும். அதற்கென அமைந்த கோப்புறையிலே பாடசாலையின் பக்கத்தை வைத்து, அதற்கு 'இன்டெக்ஸ்' என்று பெயரிட்டுவிட்டால், அதுவே தளத்தின் முகப்பாகிவிடும். அரைமணி நேரத்து வேலை.

இதற்கு வெளியுலக இணைய இணைப்புத் தேவையா எனின், இயங்கத் தொடங்கிய பின்னர்த் தேவையே இல்லை. றூட்டர் ஒன்றின் வழியாகக் கணினிக்கூடத்திலுள்ள பொறிகள் யாவும் அந்த ஒரு கணினியிலிருந்து பக்கங்களைப் பெறலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் துணையோடு, 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாக ஒரு கணினியில் இறக்கிவைத்து, வகுப்பறை முழுவதற்கும் வழங்கலாம். இணைப்புக்குக் காசு கட்டமுடியாத படுவான்கரைச் சிறுவனுக்கு இது சிறிய உதவியன்று.

எளிய கணினிகளில் இயங்கும் இணையத்தளம் பெரும் பணிக்கு உதவிய வரலாறு நம் நாட்டுக்கே உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, கல்லடி, நாவலடி முதலிய கரைகளை அழித்துச் சென்றது. அடுத்த சில நாள்களுக்குள் இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடி, 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அச்சொல்லுக்குச் சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றின் பதிவேடுகளே அதன் உறுப்புகள். அப்பாச்சி முதலிய கட்டற்ற மென்பொருள்களின் மீதே அது கட்டப்பட்டது, மடிக்கணினியிலும் இயங்கவல்லது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மை விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று.

நிறுவுதல் எளிது, ஒழுங்கமைத்தலிலேதான் அறிவு வேண்டும். ஒரே கணினியிற் பாடசாலைக்கு ஒரு தளம், வாசிகசாலைக்கு ஒரு தளம், ஆலயத்துக்கு ஒரு தளம் என வெவ்வேறாக வைக்க விரும்பலாம். முகவரி ஒன்றுதானே, எவ்வாறு பிரிப்பது? உலாவியானது முகவரியோடு தான் தேடிவந்த பெயரையும் சொல்லுகின்றது. ஒரே வீட்டிற் பல குடும்பத்தார் வாழ, கடிதத்தின் மேலுறைப் பெயரைப் பார்த்துக் கொடுப்பது போல, சேவையகமும் பெயருக்கேற்ற கோப்புறையைத் திறக்கின்றது. அதற்காக ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சிறு அமைவுக் கோப்பு எழுதுதல் வேண்டும். எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதனைச் செயற்படுத்தவும், பின்னர் அமைவுகளை மீள வாசிக்குமாறு மென்பொருளைப் பணிக்கவும் வேண்டும். அவ்விரண்டையும் மறந்துவிட்டு, எழுதியது பிழையென்று கருதித் திரும்பத் திரும்பத் திருத்துவோர் பலர்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இலங்கைக்குரிய 'எல்கே' என்ற ஈற்றோடு, 2010ஆம் ஆண்டு முதல் 'இலங்கை' என்னும் தமிழ் ஈறும் சிங்கள ஈறும் உலக இணையப் பெயரேட்டில் இடம்பெற்றுள்ளன. ஆனால் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. பழைய பெயர்முறை உரோமன் எழுத்துகளை மட்டுமே அறியும். ஆகையால் தமிழ்ப்பெயர் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஒரு விந்தையான எழுத்துச் சரமாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றது. அமைவுக் கோப்பில் அந்தச் சரத்தையே எழுதுதல் வேண்டும். நேரே தமிழில் எழுதினால் தளம் வாய் திறவாது.

எழுத்து என்றவுடன் இப்பிரதேசத்துக்கே உரிய பெருந்தொல்லை ஒன்று முன்னிற்கின்றது. இலங்கைத் தமிழர் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதி வந்தனர். பாடசாலை ஆண்டு மலர்கள், கோயிற் கணக்குகள், கூத்துப் பிரதிகள் எனக் கணினியில் ஏறியவற்றுட் பல அவ்வெழுத்துருவிலேயே கிடக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று எழுதும்போது கணினி தன்னுள்ளே பதிந்துகொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு இல்லாத பொறியில் அது பொருளற்ற குப்பை. இணையத்தளத்தில் அதனை அப்படியே ஏற்றினால் படிப்பாரும் இல்லை, தேடிக் காண்பாரும் இல்லை. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முதலே தமிழுக்கு இடமளித்த யூனிகோடு முறைக்கு அவற்றை மாற்றுதல் வேண்டும். மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எனினும் மாற்றிய பின்னர் மனிதக் கண்ணால் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. 'யூடிஎஃப் 8' என்னும் குறியீட்டையும் பக்கத்தின் தலைப்பிலே அறிவித்தல் வேண்டும். தளம் அமைக்கும் வேலையில் அரைமணி நேரம் மென்பொருளுக்கு ஆகுமெனில், அரையாண்டு இதற்கு ஆகலாம். அந்த அரையாண்டே பயனுள்ள உழைப்பு. கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், பின்னர்ச் சென்னையிலே தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழில் எழுத அவர் காலத்திற் சொல் இல்லை என்பது குறையாயிருந்தது. இன்று சொல் இருந்தும் அது பாமினிக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றது.

மேசைக் கணினிக்கும் சேவையகக் கணினிக்கும் இயங்குதள அடிப்படையிற் பெரிய வேறுபாடு இல்லை. உபுண்டுவின் இருவகைப் பதிப்புகளுக்கும் கருநிரல் ஒன்றே. ஆயினும் குணத்தில் வேறுபாடு உண்டு. மேசைக்கென அமைந்தது, ஆள் இல்லையென்று கண்டால் உறங்கிவிடும். இரவிலே தளம் காணவில்லை என்று முறையிடுவோர் முதலில் அந்த உறக்க அமைவை நீக்குதல் வேண்டும். விண்டோஸிலும் சேவையக உறுப்பு உண்டெனினும், மேசைப் பதிப்புகளில் நிறுவனத்தார் வரம்பு கட்டினர். எக்ஸ்பி பதிப்பிலே ஒரே வேளையிற் பத்து இணைப்புகளுக்கு மேல் ஏற்கமாட்டாது. விண்டோஸிலே செம்மையாக இயங்கிய தளம் லினக்ஸுக்கு மாறியதும் படங்களைக் காட்டாமற் போவதும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் முன்னையது ஒன்றாகக் கொள்ளும். பின்னையது வேறாகக் கொள்ளும். கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்திலே வைத்துக்கொள்வது நன்று. இவற்றோடு வாவிக்காற்றின் உப்பும் மின்தடையும் சேரும். ஆகவே கடலை நோக்கிய சாளரத்தின் கீழே கணினியை வைக்கலாகாது. மின்சேமிப்புக் கலம் ஒன்றை இணைத்தலும் வேண்டும்.

இத்தளத்தை உலகுக்கே திறந்துவிடலாமா? திறக்கலாம், ஆனால் பாடசாலைக் கணினியைத் திறத்தல் தக்கதன்று. வீட்டுக்கும் பாடசாலைக்கும் கிடைக்கும் இணைப்புகளில் வெளிமுகவரி பெரும்பாலும் நிலையாக இராது. அதனிலும் முக்கியமாக, வெளியே திறந்த துறைகளை இடைவிடாது தட்டிப் பார்க்கும் தீய நிரல்கள் உலகெங்கும் உலவுகின்றன. மாணவர் புள்ளிகளும் பெற்றோர் தொலைபேசி எண்களும் கிடக்கும் பொறியை அவற்றின் முன்னே வைப்பது அறிவுடைமையன்று. உள்ளே மேசைக் கணினியிற் பழகி, திருத்தி, சீராக்கிய தளத்தின் பிரதியை, வாடகைக்கு இடம் தரும் வெளிச் சேவையகத்தில் ஏற்றுவதே ஏற்ற வழி. அங்கே 443ஆம் துறைக்குரிய சான்றிதழையும் விலையின்றிப் பெறலாம். அதற்குத் தவணை உண்டு. புதுப்பித்தலைக் கணினியிடமே ஒப்படைத்துவிடுதல் நன்று.

பிரதி என்னும் சொல்லை மட்டக்களப்பார் எளிதாகக் கொள்ளமாட்டார். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி கூரைகளைப் பறித்து மழையை உள்ளே விட்டது; 2004இல் கடலே உள்ளே வந்தது. இரு முறையும் ஏடுகளும் பதிவுகளும் அழிந்தன. 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்களை இன்று எவ்வூரில் இருந்தும் படிக்க முடிகின்றதெனின், 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியமையே காரணம். அச்சேறாத அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளுக்கு அந்த வாய்ப்பு இன்னும் பெரும்பாலும் கிட்டவில்லை.

தளத்துக்குப் பிரதி எடுப்போர் பக்கங்கள் உள்ள கோப்புறையை மட்டும் எடுத்துவைத்து நிறைவடைவதுண்டு. அது முழுப்பிரதி ஆகாது. தரவுத்தளம் இருப்பின் அதனைத் தனியே வெளியெடுத்தல் வேண்டும். அமைவுக் கோப்புகளையும் சேர்த்தல் வேண்டும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையிட்டு அலுவலக இரும்பலுமாரியில் வைத்தல் வேண்டும். எழுவான்கரையில் இயங்கும் தளத்தின் பிரதி ஒன்று படுவான்கரைப் பாடசாலையிலும், மற்றொன்று மாவட்டத்துக்கு வெளியிலும் இருத்தல் நலம். தவணைக்கு ஒரு முறையேனும் வேறொரு வெறுங்கணினியை எடுத்து, பிரதியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்து, கூத்துக் கொப்பியின் கடைசிப் பக்கம் வரையிலும் திறக்கின்றதா என்று மாணவர் ஒருவரைக் கொண்டு சோதித்தல் வேண்டும்.