முகச் சுருக்கமும் இரவுத் தூக்கமும்



"நாப்பது வயசுதான் ஆகுது, பார்க்கிறவங்க பாட்டிங்கிறாங்க" என்று தோட்டத்துப் பெண்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைக்குள் வேதனையும் உண்டு. அந்த வேதனையில்தான் இரவுச் சந்தையில் விற்கும் முகக் களிம்புக்கு உழைத்த வெள்ளியைக் கொடுக்கிறோம். கொடுக்குமுன் இதைப் படியுங்கள்.

தோலை முதுமையாக்கும் முதல் எதிரி வெயில். நம் ஜொகூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் கடும் வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள், தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற நாரைச் சிதைக்கின்றன. நார் தளர்ந்தால் தோல் சுருங்கும். பால்மர நிழலில் வெட்டுகிறவருக்கு ஓரளவு தப்பு உண்டு. இளஞ்செம்பனையில் புல் வெட்டுகிறவருக்கு நிழலே கிடையாது. சட்டைக்குள் இருக்கும் உங்கள் தோளையும் புறங்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயசு ஒன்றுதானே!

தோலுக்குத் துணை நிற்பது இரவு. இருட்டியதும் மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி ஒன்று மெலட்டோனினைச் சுரக்கிறது. "ராத்திரி ஆச்சு, படு" என்று உடம்புக்குச் சொல்வது இதுதான். தோலும் இதைச் சிறிதளவு உண்டாக்குகிறது. வெயிலால் தோலில் தோன்றும் நச்சுப் பொருள்களை இது அடக்குவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் இரவில் வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். கைப்பேசி வெளிச்சமும் அப்படித்தான்.

1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், மாட்டின் மூளைச் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தவளையின் தோல் இதனால் வெளுத்தது. மனிதத் தோல் வெளுக்கவில்லை. ஆகவே "வெள்ளையாக்கும்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். வெயிலுக்குப் போகுமுன் பூசினால் தோல் சிவப்பது குறைகிறது எனச் சில சிறு ஆய்வுகள் காட்டின. விழுந்த சுருக்கத்தை அது போக்கிவிடும் என்பது உறுதியாகவில்லை. மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பெயர் தெரியாத களிம்புகளில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

செய்ய வேண்டியவை:

1. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி அல்லது முக்காடு இல்லாமல் வெயிலில் இறங்காதீர்கள்.

2. விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர் இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுங்கள்.

3. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் சன்னலில் கெட்டித் துணி கட்டி, அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. சிகரெட்டை விடுங்கள். அதுவும் தோலைச் சுருக்கும்.

5. முகத்தில் ஆறாத புண்ணோ, வளரும் மச்சமோ இருந்தால் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

களிம்புக்கு எடுத்து வைத்த வெள்ளியில் ஒரு நல்ல தொப்பி வாங்கலாம். இருட்டும் தூக்கமுமோ காசில்லாமலே கிடைக்கும்.