பாலையில் ஒரு மழை இரவு



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு மகன் இங்கே கம்பெனியில் இரவுப் பணி பார்ப்பதும், இன்னொரு மகன் வளைகுடா நாட்டில் பொருளீட்டுவதும் உண்டு. இருவரும் இரவில் வெளியே செல்பவர்கள்தாம். இங்கே மழை பிடித்துக்கொண்டால் இவனை நினைத்துக் கவலைப்படுவோம். அங்கே இருப்பவனைப் பற்றி அந்தக் கவலை நமக்கு இருந்ததில்லை. பாலைவனத்தில் மழை ஏது?

அந்த எண்ணத்தை மாற்றிய நாள் 2024 ஏப்ரல் 16.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முந்திய நாள் இரவே தொடங்கிய மழை, அன்று பகல் முழுதும் வலுத்துப் பெய்தது. துபாய் வானம் பட்டப்பகலில் இருண்டது. சில இடங்களில் பச்சை நிறம் பூண்டது. ஓராண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 95 மில்லி மீட்டர் மழை காணும் துபாய் விமான நிலையத்தில், ஒரே நாளில் 142 மில்லி மீட்டர் கொட்டியது. அல் ஐன் பகுதியில் உள்ள கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254 மில்லி மீட்டர் பதிவாகியது. அந்நாட்டில் 1949ஆம் ஆண்டு முதல் மழைக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. அதில் இதற்கு நிகரானது வேறில்லை.

மாலையில் வெளியே சென்றிருந்தோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஷேக் சாயித் சாலையில் வாகனங்கள் நீரில் நின்றுவிட்டன. வணிக வளாகங்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் தண்ணீர் புகுந்தது. விமான ஓடுபாதைகள் ஏரிகளைப் போலக் காட்சியளித்தன. பயணிகள் பல நாட்கள் விமான நிலையத்திலேயே படுத்துறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம் என்று கிளம்பியவர்களுக்கு அந்த இரவு விடியவே இல்லை.

செயற்கை மழைக்காக மேகத்தில் மருந்து தூவியதால் வந்த வினை என்று அப்போது ஒரு பேச்சு பரவியது. அந்தப் புயலின்போது அவ்வாறு தூவவில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் மறுத்தது. அத்தனை பரந்த நிலப்பரப்பில் அவ்வளவு மழையைத் தூவி வரவழைக்க இயலாது என்பதே அறிஞர்களின் கருத்து. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. வெப்பமேறும் உலகில் மழை பெய்தால் பேய்மழையாகப் பெய்வதற்கு இதுவே காரணம். பெய்த நீர் வடிய அந்நகரில் போதிய வடிகால் இல்லை. அதன்பின் அதே ஆண்டு ஜூன் மாதம், 3,000 கோடி திர்ஹம் செலவில் பெரும் வடிகால் திட்டத்துக்குத் துபாய் அரசு ஒப்புதல் வழங்கியது.

பொருட்சேதத்தை ஈடு செய்யலாம். உயிரை என்ன செய்வது? ராஸ் அல் கைமாவில் முதியவர் ஒருவரை அவருடைய வாகனத்தோடு வெள்ளம் அடித்துச் சென்றது. அண்டை நாடான ஓமனில், அதே மழையின் தொடக்கத்தில், பள்ளிச் சிறுவர்கள் சென்ற வாகனத்தைக் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோனது. வறண்டு கிடக்கும் ‘வாதி’ என்னும் மணலாறு, சில நிமிடங்களில் ஆளை விழுங்கும் ஆறாகிவிடும்.

இது அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நம் வட்டாரம் கண்டது என்ன? செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டி மீட்டர், தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர். அமீரகத்தின் வரலாறு காணாத மழையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கார்த் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தின. அந்நாட்களில் பள்ளிவாசல்கள் பல, சமய வேறுபாடு பாராமல் மக்களுக்குக் கதவு திறந்தன. அங்கே வாதி என்றால், இங்கே ஏரிக் கலங்கலும் தரைப்பாலமும். இரண்டும் நீரின் வழிகளே. மழை இரவில் அவ்வழி நம்முடையதன்று.

ஓடும் நீர் அரை அடி ஆழமே இருந்தாலும் வளர்ந்த மனிதரை வீழ்த்தவல்லது. ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். இருட்டில் ஆழம் தெரியாது. கீழே சாலை அரித்துப் போயிருப்பதும் தெரியாது. “நேற்றுகூட இவ்வழியாகத்தானே வந்தேன்” என்ற துணிச்சலே பலரைப் பலி கொண்டுள்ளது.

இங்கே நம் மார்க்கம் காட்டும் கனிவைச் சிந்தியுங்கள். தொழுகையை விட முக்கியமான கடமை நமக்கு எது? ஆயினும் குளிரும் மழையும் மிகுந்த இரவுப் பயணங்களில், அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கொலியுடன் அறிவிக்கச் செய்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். மழை பொழியும்போது அதைப் பயனுள்ள மழையாக ஆக்கும்படி இறைஞ்சினார்கள். மழை மிகுந்து மக்கள் துன்புற்றபோது, தங்கள் மீதன்றித் தங்களைச் சுற்றிலும் பொழியுமாறு வேண்டினார்கள். பள்ளிவாசலுக்கு வருவதற்கே சலுகை உண்டென்றால், கடைத்தெருவுக்கும் விருந்துக்கும் உலாவுக்கும் உயிரைப் பணயம் வைப்பது எப்படித் தகும்?

இரவுப் பணிக்குச் செல்பவரால் நினைத்தபடி வீட்டிலிருக்க முடியாது என்பது உண்மைதான். துபாயில் அன்று அரசு ஊழியர்களுக்கு வீட்டிலிருந்தே பணி செய்ய அனுமதி கிடைத்தது. கூலி வேலை செய்பவருக்கு அந்த வாய்ப்பு ஏது? ஆகவே ஆட்களை வைத்து வேலை வாங்குவோருக்கும் இதில் பொறுப்புண்டு. அபாய எச்சரிக்கை வந்த இரவில், வரத் தாமதமானவரிடம் கடுமை காட்டாதீர்கள். பணி முடிந்தவரை, நீர் வடியும்வரை அங்கேயே தங்கவிடுங்கள்.

தாய்மார்களே! மழை இரவில் பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், “எப்போது வருவாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் அவனைத் தண்ணீருக்குள் வண்டியை இறக்கத் தூண்டுகிறது. ஒரகடத்தில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: “இருக்கிற இடத்திலேயே இரு, வாப்பா. விடிந்ததும் வரலாம்.”