ஆறாத ஆசனவாய் அரிப்பு: கூச்சம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்

ஆசனவாயைச் சுற்றி அரிப்பு ஏற்பட்டால் அதை வெளியில் சொல்லப் பலரும் கூசுகின்றனர். மூலம் என்றோ படை என்றோ தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுகின்றனர். பெரும்பாலும் இத்தகைய அரிப்புக்கு மூலம், பூஞ்சைத் தொற்று, ஒவ்வாமை போன்றவையே காரணம். மிக அரிதாக, அதே அரிப்புக்குப் பின்னால் பேஜட் நோய் இருக்கக்கூடும். இது புற்றுநோயோடு தொடர்புடையது.

1874ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், மார்பகக் காம்பின் ஆறாத புண்ணுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். ஆசனவாய்த் தோலிலும் இந்நோய் தோன்றும் என்பதை 1893இல் பிரான்சு நாட்டின் தாரியே, குய்யோ ஆகிய மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

அறிகுறிகள்

பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களையே இந்நோய் தாக்குகிறது. நீங்காத அரிப்பு, எரிச்சல், சிவந்து கசியும் திட்டு, சில வேளைகளில் இரத்தக் கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். பார்வைக்குக் கரப்பான் போலவே இருப்பதால், நோயை அறியாமலே மாதங்களும் ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன. ஸ்டீராய்டு களிம்புகள் அரிப்பைச் சிறிது காலம் தணிக்கலாம், நோயைக் குணப்படுத்துவதில்லை.

நோயைக் கண்டறிதல்

கண்ணால் பார்த்து மட்டும் இதனை உறுதி செய்ய இயலாது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு துண்டுத் தோலை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே வழி. சதை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்காக இச்சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நோய் உறுதியானால் அடுத்து எழும் கேள்வி முக்கியமானது: நோய் தோலிலேயே தோன்றியதா, அல்லது உள்ளே மலக்குடலிலோ ஆசனவாய்க் குழாயிலோ உள்ள புற்றுநோய் தோலுக்கு வந்ததா? இதை அறியத் திசுவில் சிறப்புச் சாயச் சோதனைகளும், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையும், ஸ்கேனும் செய்யப்படுகின்றன. சிகிச்சை இந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.

சிகிச்சை

நோய் தோலின் மேலடுக்கோடு நின்றிருந்தால், பாதிக்கப்பட்ட தோலை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் நோய் பரவியிருக்கும். ஆகவே சுற்றிலும் பல இடங்களில் திசு எடுத்துச் சோதித்து, எவ்வளவு அகற்றுவது என மருத்துவர்கள் தீர்மானிக்கின்றனர். பெரிய காயமானால் வேறிடத்துத் தோலால் மூடுவர். அறுவையைத் தாங்க இயலாத சிலருக்கு இமிகுவிமாட் களிம்போ கதிர்வீச்சோ தரப்படுவதுண்டு. உள்ளே புற்றுநோய் இருப்பின், அதற்குரிய விரிவான சிகிச்சை தேவை. இந்நோய் மீண்டும் வரக்கூடியது. எனவே பல ஆண்டுகள் தொடர் பரிசோதனைக்கு வருவது அவசியம்.

குடும்பத்தினருக்கு

இது தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலோ, துணி துவைப்பதாலோ பரவாது. வீட்டில் பெரியவர் ஒருவர் உட்காரச் சிரமப்பட்டாலோ, ஒரே களிம்பை மாதக்கணக்கில் பயன்படுத்தினாலோ, பரிவோடு விசாரியுங்கள். சில வாரச் சிகிச்சைக்குப் பின்னும் அரிப்பு தணியாவிடில், தோல் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். "திசுச் சோதனை தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குவதால், மேல்சிகிச்சைக்கு நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை.

மருத்துவருக்கு உடலின் எந்தப் பகுதியும் வெட்கத்துக்குரியது அன்று. காலத்தே சொல்லப்படும் ஒரு சொல், பெரிய அறுவையைத் தவிர்க்க உதவும்.