எங்கள் துயரத்துக்கு எங்கள் சொற்கள்

சில வருடங்களுக்கு முன்னர் வன்னிக் கிராமம் ஒன்றில், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் வீட்டு விறாந்தையில் படிவத்துடன் அமர்ந்திருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. "கடந்த இரண்டு கிழமைகளில் எத்தனை நாட்கள் மனச்சோர்வாக இருந்தீர்கள்?" என்று வாசித்தேன். அம்மா சற்று நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோர்வெண்டு சொல்லேலாது பிள்ளை. அவன் போன நாள் தொட்டு நெஞ்சுக்குள்ள ஒரு ஏக்கம். உந்தப் பேப்பரில அதுக்கு இடம் கிடக்கோ?" என்று கேட்டார்.

இடம் இருக்கவில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் புள்ளடியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சமூகவியல் படித்தவள்தான், ஆனாலும் அன்று நான் விட்ட பிழை எனக்கு உடனே விளங்கவில்லை. அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண்கள் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பின்னர் வாசித்தபோதே விளங்கியது. அதைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பறிக்கப்பட்ட பிள்ளைகள்

ஆதிக்குடி மக்கள் அந்த மண்ணில் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவருபவர்கள். 1788இல் பிரித்தானியர் குடியேறத் தொடங்கிய பின்னர் அவர்களுடைய நிலம் பறிபோனது. பல மொழிகள் அழிந்தன. எல்லாவற்றிலும் கொடியது பிள்ளைகளைப் பறித்ததாகும். 1910 முதல் 1970 வரையான காலத்தில் அரசாங்க அதிகாரிகளும் பொலிஸாரும் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கக் கொடுத்தார்கள். பத்துப் பிள்ளைகளில் ஒருவர் தொடக்கம் மூன்று பிள்ளைகளில் ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை கூறியது. இவர்களே 'திருடப்பட்ட தலைமுறைகள்' எனப்படுகின்றனர். 2008 பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பினால் மட்டும் காயம் ஆறிவிடுவதில்லை. தாயின் மடியறியாமல் வளர்ந்தவர்கள் தாமே பெற்றோரானபோது தடுமாறினார்கள். குடியும் வன்முறையும் தற்கொலையும் பல குடும்பங்களைப் பாதித்தன. இன்றும் ஆதிக்குடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அரச பராமரிப்பில் வைக்கப்படுவது ஏனைய பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். அன்று பிள்ளையைக் கொண்டுபோனதும் 'நலன்புரி' என்ற பெயரில் வந்தவர்கள்தான். அப்படியானால், குறிப்புப் புத்தகத்துடன் வாசலுக்கு வரும் இன்னொருவரை அந்தத் தாய் எப்படி நம்புவாள்?

1989இல் வகுக்கப்பட்ட தேசிய ஆதிக்குடிச் சுகாதார உபாயத் திட்டம், சுகாதாரம் என்பது ஒருவருடைய உடல் நலம் மட்டுமல்ல, முழுச் சமூகத்தினதும் சமூக, உணர்வு, பண்பாட்டு நலனாகும் என்று கூறியது. உடல், மனம், குடும்ப உறவு, சமூகம், பண்பாடு, பிறந்த மண், முன்னோர் ஆகியவற்றில் ஒன்று அறுந்தாலும் மனிதர் நோயுறுவர் என்பது அவர்களது நம்பிக்கை. அதனாலேயே 'மனநோய்' என்று பிரித்துப் பேசாமல் 'சமூக, உணர்வு நலன்' என்று பேசுகிறார்கள்.

பாலைவனப் பெண்களின் அவை

மத்திய அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் ஙானியஜாரா, பிட்ஜன்ஜஜாரா, யங்குனிஜஜாரா என்னும் மொழிகளைப் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். நாம் அரிச்சுவடியில் மட்டும் படிக்கும் 'ங' எழுத்து அவர்களுக்குச் சொல்லின் முதலிலேயே வருகிறது. நில உரிமை பற்றிய பேச்சுகளில் பெண்களின் கருத்து கேட்கப்படாததால், 1980இல் இப்பெண்கள் தமக்கென ஓர் அவையை அமைத்தார்கள். மூன்று மாநில எல்லைகள் சந்திக்கும், இலங்கையைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமான பரப்பில், முதியோர் பராமரிப்பு முதல் வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களின் பாதுகாப்பு வரை இந்த அவை பல பணிகளைச் செய்துவருகிறது.

அவர்களிடையே 'ஙங்காரி' எனப்படும் பாரம்பரிய வைத்தியர்கள் உண்டு. பெண்களும் ஙங்காரிகளாக இருக்கிறார்கள். பெரும் பயமோ துக்கமோ தாக்கினால் மனிதரின் 'குருன்பா' எனப்படும் உயிர்ச்சக்தி இடம்பெயர்ந்துவிடும். தொட்டும் தடவியும் ஊதியும் அதை மீண்டும் உடலில் சேர்ப்பது ஙங்காரியின் வேலை. பயந்த பிள்ளைக்குத் திருநீறு போடுவிக்கும் நமக்கு இது புதினமல்ல. அங்கே ஙங்காரிகள் வைத்தியசாலைகளுக்கும் சென்று வைத்தியர்களுடன் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் விலக்குவதில்லை.

2012இல் இந்த அவை 'உட்டி குலின்ஜாக்கு' என்றொரு முயற்சியைத் தொடங்கியது. 'தெளிவாகச் சிந்தித்து விளங்கிக்கொள்ளல்' என்பது அதன் பொருள். மூத்த பெண்கள், ஙங்காரிகள், மொழிபெயர்ப்பாளர்கள், உளநல வைத்தியர்கள் யாவரும் கூடி அமர்ந்து, நாட்கணக்கில் பேசினார்கள். மனவடு என்பதை எங்கள் மொழியில் எப்படிச் சொல்வது? இந்தக் கவலைக்கும் அந்தக் கவலைக்கும் என்ன வேறுபாடு? இப்படிச் சேர்ந்த உணர்ச்சிச் சொற்களைச் சுவரொட்டிகளாக அச்சிட்டார்கள். அதனால் ஓர் இளைஞன் தன் உள்ளத்தில் கிடப்பதைத் தன் சொல்லிலேயே காட்ட முடிகிறது. வெளியிலிருந்து வந்த வைத்தியர்கள் அங்கே மாணவர்களாகவும் இருந்தார்கள். அம்மொழியில் 'குலினி' என்ற ஒரே சொல் கேட்பதையும் சிந்திப்பதையும் குறிக்கிறது. கேளாதவர் சிந்திக்க முடியாது போலும்.

புல்லில் முடைந்த வாகனம்

இந்த அவை பேச்சுடன் நின்றுவிடவில்லை. 1995இல் 'ஜான்பி' என்ற கைப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. ஜான்பி என்றால் புல். பெண்கள் கூட்டமாகப் புல் சேகரிக்கப் போகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிச் சென்று இடங்களின் கதைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு இருந்து கூடை முடைகிறார்கள். 2005இல் பப்புலன்குஜா கிராமப் பெண்கள் புல்லால் முடைந்த ஒரு முழு டொயோட்டா வாகனம், அந்நாட்டின் ஆதிக்குடிக் கலைகளுக்கான தேசிய விருதை வென்றது. கையில் சொந்தக் காசு, பக்கத்தில் சகோதரி, காலடியில் சொந்த மண். இவற்றையும் அவர்கள் மருந்தாகவே கருதுகிறார்கள்.

சகோதரிகளே, அவர்களது கதை வேறு, எங்களது கதை வேறு. ஆயினும் பிள்ளையைத் தேடும் தாயின் நெஞ்சு எங்கும் ஒன்றுதான். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள், கடன் கணக்கு முடிந்த பின்னர் பாயில் வட்டமாக இருந்து பாருங்கள். ஏக்கம், அந்தரம், நெஞ்சிடி, விசர் பிடிச்ச மாதிரி என்று நாம் சொல்லும் சொற்களை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். எது எப்போது வருகிறது, வந்தால் யாரிடம் போகிறோம் என்று பேசுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அருகில் இருந்தால் போதும். நித்திரையில்லாமல் பல நாள் தவிப்பவரையும் உயிரை விடும் எண்ணம் உள்ளவரையும் தனியே விடாமல், கூடவே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே வைத்தியரிடமும் உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். விளங்கிக்கொள்வது அவரது கடமை.

அந்த அம்மாவிடம் பிறகு ஒரு நாள் படிவம் இல்லாமல் போனேன். "ஏக்கமெண்டால் எப்பிடியம்மா இருக்கும்?" என்று கேட்டேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். பொழுதுபடும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.