மின்சாரம் போனாலும் மணி ஒலித்தது எப்படி?

2015 டிசம்பர் 5, சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் வடமேற்கில் லூன் ஆற்றங்கரையில் அமைந்த லங்காஸ்டர் நகரில் விடாத மழை. ‘டெஸ்மண்ட்’ என்று பெயரிடப்பட்ட புயலால் ஆறு பெருக்கெடுத்து, அருகிலிருந்த துணை மின்நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இரவு ஏறத்தாழ பத்தே முக்கால் மணிக்கு அந்நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின.

இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் முதலில் கைப்பேசியைத்தான் தேடுவார்கள். ஆனால் நகரின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு விரைவிலேயே அற்றுப்போயிற்று. இணையமும் இல்லை. கையிலிருந்த கருவியில் மின்சாரம் இருந்தது; பேசத்தான் முடியவில்லை. அதே இருட்டில், வீட்டு மூலையில் கிடந்த பழைய தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தவர்களுக்கு, வழக்கமான டயல் ஒலி கேட்டது!

விந்தையாக இல்லையா? விளக்கு எரியாத வீட்டில் தொலைபேசி மட்டும் எப்படி வேலை செய்தது? அதற்கு மின்சாரம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் புதிர் அவிழ்ந்துவிடும்.

மின்கலனை இடம் மாற்றினார்கள்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். அதன்பின் வீடுகளுக்கு வந்த தொலைபேசிகளில் பல, தமக்கென ஒரு மின்கலனைப் பக்கத்திலேயே வைத்திருந்தன. மறுமுனையில் மணி அடிக்க ஒரு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். மின்கலன் வலுவிழந்தால் பேச்சு மங்கும். ஆள் வந்து அதை மாற்ற வேண்டும். ஆயிரம் வீடுகள் இருந்தால் ஆயிரம் மின்கலன்களைப் பராமரிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். வீடுகளில் இருந்த மின்கலன்களை எடுத்துவிட்டு, ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று நாம் சொல்லும் தொலைபேசி நிலையத்தில் ஒரு பெரிய மின்கல அடுக்கை வைத்தார்கள். நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு செம்புக் கம்பிகளின் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பினார்கள்.

ஆகவே, அந்த இரண்டு கம்பிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. கருவிக்கு மின்சாரம் கொண்டு வருவது ஒன்று. நம் குரலைச் சுமந்து செல்வது மற்றொன்று. பழைய கருவியின் வாய்ப்பகுதியில் கரித்துகள்கள் நிறைந்த சிறு குப்பி இருக்கும். நாம் பேசும்போது ஒலி அலைகள் அத்துகள்களை நெருக்கியும் தளர்த்தியும் விடுகின்றன. அதனால் மின்தடை கூடிக் குறைகிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கமே மறுமுனையில் குரலாகக் கேட்கிறது.

இருபத்து நான்கு இரண்டு, நாற்பத்தெட்டு

தொலைபேசி நிலையத்தின் மின்னழுத்தம் 48 வோல்ட். காரீய-அமில மின்கலன் ஒன்று தருவது ஏறத்தாழ 2 வோல்ட். 24 மின்கலன்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைத்துவிடுகிறது அல்லவா?

ஊர் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் கருவி நிலையத்துக்கும் மின்சாரம் தரும். மின்கல அடுக்கையும் நிரப்பி வைக்கும். ஊர் மின்சாரம் நின்றால், ஏற்கனவே இணைந்திருக்கும் மின்கல அடுக்கு அந்தக் கணமே சுமையை ஏற்றுக்கொள்ளும். எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருப்பவருக்கு மின்சாரம் போனதே தெரியாது. மின்வெட்டு நீடித்தால், பெரிய நிலையங்களில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்.

இதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்? பேசும்போது கம்பியில் ஓடுவது சுமார் 30 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். 48 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் பெருக்கினால் 1.44 வாட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை! பேசி முடித்துக் கருவியைக் கீழே வைத்தால் மின்சுற்று திறந்துவிடும்; அந்த மின்னோட்டமும் நின்றுவிடும். மணி அடிப்பதற்கு மட்டும் நிலையம் 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்னோட்டத்தை அனுப்பும்.

லங்காஸ்டரில் டயல் ஒலி கேட்டதன் இரகசியம் இதுதான். வீட்டில் மின்சாரம் இல்லை. தொலைபேசி நிலையத்தில் இருந்தது. ஆனால் கார்ட்லெஸ் தொலைபேசி வைத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அதன் அடிப்பீடம் வீட்டுச் சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருக்கிறது. கம்பியில் மின்சாரம் வந்தும் பயனில்லை.

கோபுரத்தின் பசி

கைப்பேசியில் மின்கலன் இருக்கிறதே, அது ஏன் உதவவில்லை? கைப்பேசி, வானொலி அலைகளால் பக்கத்திலுள்ள கோபுரத்தோடு மட்டுமே பேசுகிறது. செய்தியை அதற்கு அப்பால் கொண்டுசெல்வது கோபுரத்தின் வேலை. அந்தக் கோபுரத்திலுள்ள கருவிகள் இரவும் பகலும் ஆயிரம் வாட் அளவில் மின்சாரம் கேட்பவை. நகரில் இத்தகைய கோபுரங்கள் பல இருக்கும். எல்லாவற்றுக்கும் பல மணி நேரத்துக்கான மின்கலன்களும் ஜெனரேட்டரும் வைப்பது எளிதன்று. மின்சாரமில்லாக் கோபுரத்தின் கீழே நிற்பவருக்குக் கைப்பேசி வெறும் கைவிளக்குதான்!

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆபத்து வேளையில் ஊரே ஒரே நேரத்தில் பேச முயல்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் மின்சாரம் நின்று, சுமார் 5 கோடிப் பேர் இருளில் தவித்தார்கள். அன்று கைப்பேசி வலையமைப்பு நெரிசலில் திணறியது. கோபுரங்களின் மின்கலன்கள் தீரத் தீர, தொடர்பு மேலும் சுருங்கியது.

கண்ணாடியில் மின்சாரம் ஓடுமா?

செம்புக் கம்பியை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். செம்புக்கும் குறைகள் உண்டு. ஈரம் புகுந்தால் இரைச்சல் வரும், மூட்டுகள் அரித்துப்போகும், மரம் விழுந்தால் கம்பி அறும். பழைய நிலையக் கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஒளியிழையோ தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி. குரல், படம், இணையம் எல்லாவற்றையும் ஒளித் துடிப்புகளாக மாற்றி அதன் வழியே அனுப்பலாம். துருப்பிடிக்கும் தொல்லை இல்லை.

ஆனால் கண்ணாடி ஒரு மின்கடத்தாப் பொருள். ஒளியைக் கொண்டு வரும். மின்சாரத்தைக் கொண்டு வராது. ஒளியை மீண்டும் மின்குறியாக மாற்றும் பெட்டிக்கும், இணையப் பெட்டியான ரூட்டருக்கும் வீட்டு மின்சாரமே வேண்டும். அது நின்றால் இரண்டும் உறங்கிவிடும். ஆக, நூறாண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போன மின்கலப் பொறுப்பு, மீண்டும் நம் வீட்டுக்கே திரும்பிவிட்டது. இதைப் பலர் அறியவில்லை என்பதே கவலைக்குரியது.

ஓர் உயிரின் கேள்வி

தனியே வாழும் முதியவர் ஒருவர் இரவில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் இத்தகையோர் பலர் கழுத்தில் ஓர் அபாயப் பொத்தான் அணிந்திருப்பார்கள். அதை அழுத்தினால் தொலைபேசி இணைப்பு வழியாக உதவி மையத்துக்குச் செய்தி போகும். இணைப்பு செயலற்றிருந்தால் பொத்தானும் ஊமைதான். 2023-இல், புதிய இணைப்புக்கு மாற்றப்பட்ட சில வீடுகளில் இக்கருவிகள் உரிய வேளையில் வேலை செய்யாமல் போனதால், கட்டாய மாற்றத்தை அங்கே நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய வலையமைப்பை 2025 இறுதிக்குள் மூடுவதாக இருந்த திட்டமும் 2024-இல், 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி செய்துதர வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆனால் லங்காஸ்டரில் பெரும்பாலோர் ஒரு நாளுக்கும் மேலாக இருளில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

நீங்களே கணக்கிடுங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒளியிழை இணைப்பு இருந்தால், ஒளிப்பெட்டியும் ரூட்டரும் எத்தனை வாட் கேட்கின்றன என்று அவற்றின் மின்னேற்பிகளில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 12 வாட் என்று கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலனில் உள்ள ஆற்றல் 84 வாட்-மணி. 84-ஐ 12-ஆல் வகுத்தால் 7 மணி நேரம். இழப்புகளால் உண்மையில் இதற்கும் குறைவாகவே கிடைக்கும். என்றாலும், ஒரு சிறு மின்கலன் ஓர் இரவின் பெரும்பகுதியைக் காக்க வல்லது. மறுமுனையிலுள்ள நிலையத்திலும் மின்கலன் இருந்தால், ஒளியிழை இருட்டிலும் பேசும்.

எனவே, பழைய தொலைபேசி சிறந்ததா, புதியது சிறந்ததா என்று கேட்பதைவிட, “இந்த இணைப்பு எந்தெந்த இடங்களில் மின்சாரத்தை நம்பியிருக்கிறது? அந்த இடங்களில் மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு?” என்று கேட்பதே சரி. பழைய தொலைபேசிக்காக அந்தக் கேள்வியைப் பொறியாளர்கள் என்றோ கேட்டு விடையும் கண்டுவிட்டார்கள். புதிய இணைப்புக்காக அதை இனி நாம் கேட்க வேண்டும். அதுவும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே!